கூஃபாவின் வீட்டு வாசல்கள்

முஹர்ரம் பிறந்துவிட்டால் நம் பள்ளிவாசல்களிலும் வீடுகளிலும் கர்பலாவின் வரலாறு நினைவுகூரப்படுகிறது. அண்ணலாரின் அருமைப் பேரர் இமாம் ஹுஸைன் (ரலி) அவர்களின் தியாகத்தைச் சொல்லி முடிக்கும்போது, கூஃபா நகரத்து மக்களைப் பற்றி ஒரு வரியையும் சேர்த்துச் சொல்வது வழக்கம்: அவர்கள் கடிதம் எழுதி அழைத்துவிட்டுக் கைவிட்ட துரோகிகள். கூஃபாவாசி வாக்கைக் காக்கமாட்டான் என்று அரபுமொழியில் ஒரு சொலவடையே உண்டாகிவிட்டது.

அந்த ஒரு வரியோடு நாம் கடந்துவிடுகிறோம். ஆயிரக்கணக்கான மக்கள் ஒரே பகலில் எப்படித் துரோகிகளாக மாறினார்கள் என்று நாம் கேட்பதில்லை. காலையில் ஆளுநரின் மாளிகையை முற்றுகையிட்டவர்கள் மாலையில் ஏன் வீடு திரும்பினார்கள்? அவர்களைத் திருப்பி அனுப்பியது யார்? ஹிஜ்ரி 310இல் மறைந்த வரலாற்றாசிரியர் இமாம் தபரீ, தமக்கு முந்தைய கூஃபா நகரத்து அறிவிப்பாளரான அபூ மிஹ்னஃபின் வழியாக, அந்த நாள்களின் நிகழ்ச்சிகளை மிக விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அப்பக்கங்களைப் பொறுமையாகப் படிப்பவர்க்கு ஓர் உண்மை புலப்படும். கூஃபாவை அடக்கியது வாள் மட்டுமன்று. தாய்மை, நட்பு, திருமண உறவு, குலப்பற்று, நன்றிக்கடன் ஆகிய சாதாரண மனித உறவுகளின் வழியாகவே அடக்குமுறை அந்நகரத்தின் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்தது.

உதவிப் பதிவேடு வேவுப் பதிவேடானது

கூஃபா நகரம் ஹிஜ்ரி 17இல் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆணைப்படி ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களால் உருவாக்கப்பட்டது. ஈராக்கை வென்ற படைவீரர்களும் அவர்களின் குடும்பத்தாரும் அங்கே குலம் குலமாகக் குடியமர்ந்தனர். அரசுக் கருவூலத்திலிருந்து ஒவ்வொரு வீரருக்கும், அவருடைய மனைவி மக்களுக்கும் ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்கப்பட்டது. அதை ஒழுங்காகப் பங்கிடுவதற்காக மக்கள் சிறுசிறு பிரிவுகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் ‘அரீஃப்’ எனப்படும் பொறுப்பாளர் அமர்த்தப்பட்டார். தம் பிரிவில் யார் பிறந்தார், யார் இறந்தார், எந்த வீட்டில் எத்தனை பேர் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் அந்நியரல்லர்; அதே தெருவில் வாழ்பவர், அதே குலத்தவர், ஒரே பள்ளியில் தோளோடு தோள் நின்று தொழுபவர்.

நல்ல நோக்கத்தோடு தொடங்கப்பட்ட ஏற்பாடு இது. பின்னாளில் ஸியாத் கூஃபாவின் ஆளுநரானபோது, ஏழு பிரிவுகளாக இருந்த குலங்களை நான்கு பெரும் பிரிவுகளாக மாற்றியமைத்து, அவற்றின் தலைவர்களைத் தாமே அமர்த்தினார். குலத்தின் பிரதிநிதியாக இருந்தவர்கள் மெல்ல மெல்ல அரசின் பிரதிநிதிகளாயினர்.

ஹிஜ்ரி 60இல் முஆவியா (ரலி) அவர்கள் மறைந்து யஸீத் ஆட்சிக்கு வந்தபோது, கூஃபாவாசிகள் மக்காவிலிருந்த ஹுஸைன் (ரலி) அவர்களுக்குக் கடிதங்கள் எழுதினர். நிலைமையை அறிந்துவர அவர்கள் தம் தந்தையின் உடன்பிறந்தாரான அகீலின் மகன் முஸ்லிமை அனுப்பிவைத்தார்கள். அவரிடம் உறுதிமொழி அளித்தோர் 12,000 பேர் என்றும் 18,000 பேர் என்றும் அறிவிப்புகள் உள்ளன. அப்போதைய ஆளுநர் நபித்தோழர் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள், வெறும் சந்தேகத்தின் பேரில் எவரையும் தண்டிக்க மறுத்தார்கள். உடனே டமாஸ்கஸுக்குப் புகார்கள் பறந்தன. பஸ்ராவின் ஆளுநராக இருந்த ஸியாதின் மகன் உபைதுல்லாஹ்விடம் கூஃபாவும் ஒப்படைக்கப்பட்டது.

உபைதுல்லாஹ் இப்னு ஸியாத் நகருக்குள் நுழைந்தவுடன் செய்த முதற்காரியங்களில் ஒன்று, அரீஃப்களை அழைத்ததுதான். உங்கள் பிரிவில் உள்ள அந்நியர்கள், தேடப்படுவோர், ஐயத்துக்குரியோர் ஆகியோரின் பெயர்களை எழுதித் தாருங்கள். எழுதித் தராதவர், தம் பிரிவிலிருந்து எவரும் எதிர்க்கமாட்டார் எனப் பிணை நிற்க வேண்டும். மறைத்தது பின்னர் தெரியவந்தால் அந்த அரீஃப் தம் வீட்டு வாசலிலேயே சிலுவையில் அறையப்படுவார், அப்பிரிவினர் அனைவருக்கும் உதவித்தொகை நிறுத்தப்படும் என்று அறிவித்தார்.

இந்த ஆணையின் நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். ஒருவர் செய்ததற்கு அவருடைய அண்டைவீட்டாரின் பிள்ளைகள் பட்டினி கிடக்க வேண்டும் என்பதே இதன் பொருள். இனி ஒருவர் அநீதியை எதிர்க்க எழுந்தால், அவரைத் தடுக்கக் காவலர் வரவேண்டியதில்லை. அவருடைய உறவினரே வந்து காலைப் பிடிப்பார்கள். பசித்தவர்க்குச் சோறிடுவதற்காக எழுதப்பட்ட பெயர்ப்பட்டியல், அதே மக்களைக் கட்டிப்போடும் கயிறாக மாறியது.

நம்பிக்கையின் வாசல், நட்பின் வாசல்

முஸ்லிம் இப்னு அகீல் எங்கே தங்கியிருக்கிறார் என்பது ஆளுநருக்குத் தெரியவில்லை. அவர் முராத் குலத் தலைவர் ஹானீ இப்னு உர்வாவின் வீட்டில் மறைவாக இருந்தார். இப்னு ஸியாத் தம் பணியாளர் மஅகிலிடம் 3,000 திர்ஹம்களைக் கொடுத்து அனுப்பினார். அவர் பெரிய பள்ளிவாசலுக்குச் சென்று, தொழுதுகொண்டிருந்த முஸ்லிம் இப்னு அவ்ஸஜா என்னும் பெரியவரின் அருகில் அமர்ந்து, தாம் ஷாமிலிருந்து வந்தவர் என்றும், நபிகளாரின் குடும்பத்தார்மீது அன்பு கொண்டவர் என்றும், காணிக்கையைச் சேர்ப்பிக்க விரும்புவதாகவும் கூறினார். அந்த நல்ல மனிதர் நம்பிவிட்டார். சில நாள்களுக்குப் பின் மஅகில், ஹானீயின் வீட்டில் எல்லாருக்கும் முன்னதாக வந்து எல்லாருக்கும் கடைசியாகச் செல்லும் விருந்தாளியாகிவிட்டார்.

அடுத்து ஹானீயைப் பிடிக்க வேண்டும். வலிமை மிக்க குலத்தின் தலைவரை வீட்டுக்குள் புகுந்து பிடித்தால் ஊரே எழும். ஆகவே நண்பர்கள் அனுப்பப்பட்டனர். முஹம்மத் இப்னு அஷ்அஸும் அஸ்மா இப்னு காரிஜாவும் ஹானீயின் வாசலுக்குச் சென்று, ‘ஆளுநர் உங்களை விசாரித்துக்கொண்டே இருக்கிறார், ஒருமுறை வந்து பார்த்துவிட்டால் மனத்தாங்கல் தீர்ந்துவிடும்’ என்று அன்போடு வற்புறுத்தினர். வழியிலேயே ஹானீயின் உள்ளம் எச்சரித்தது. உடன் வந்த அஸ்மாவின் மகனிடம், இந்த மனிதரை நினைத்தால் அச்சமாக இருக்கிறது என்று சொல்லவும் செய்தார். அந்த இளைஞர் ஆறுதல் கூறினார். அறிவிப்பின்படி அஸ்மாவுக்கு உள்நோக்கம் எதுவும் தெரியாது. அவர் உண்மையாகவே சமாதானம் செய்துவைப்பதாக எண்ணினார். நல்லெண்ணம் கொண்ட நண்பரின் நாவைவிடச் சிறந்த கருவி அடக்குமுறைக்கு வேறென்ன கிடைக்கும்?

மாளிகையில் மஅகில் முன்னால் நிறுத்தப்பட்டபோது ஹானீக்கு எல்லாம் விளங்கியது. விருந்தாளியை ஒப்படைக்கும்படி கட்டளையிடப்பட்டார்; மறுத்தார். அங்கிருந்த ஒருவர் அவரைத் தனியே அழைத்துச் சென்று மிகுந்த அக்கறையோடு அறிவுரை கூறினார்: முஸ்லிம் அவர்களுக்கும் உறவினர்தானே, அவரைக் கொல்லமாட்டார்கள், ஆட்சியாளரிடம் ஒப்படைப்பதில் உங்களுக்கு இழுக்கு ஒன்றுமில்லை, உங்களையும் உங்கள் குலத்தையும் அழிவில் தள்ளாதீர்கள். இந்த அறிவுரையில் கடுஞ்சொல் ஒன்றுகூட இல்லை. ஹானீயோ, தாம் உயிரோடும் உடல் வலிமையோடும் இருக்கையில் அடைக்கலம் தேடி வந்தவரைக் கொடுத்துவிடுவதுதான் இழுக்கு என்று மறுத்துவிட்டார். முகம் சிதையும்படி அடிக்கப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். இதைக் கண்டு எதிர்த்துப் பேசிய அஸ்மாவுக்கும் அடி விழுந்தது.

ஹானீ கொல்லப்பட்டார் என்ற வதந்தி பரவ, அவருக்குத் திருமண வழி உறவினரான அம்ர் இப்னு ஹஜ்ஜாஜ் மத்ஹிஜ் குலத்தாரைத் திரட்டிக்கொண்டு வந்து மாளிகையைச் சூழ்ந்தார். அப்போது ஊராரின் மதிப்புக்குரிய நீதிபதி ஷுரைஹ் வெளியே அனுப்பப்பட்டார். ஹானீ உயிரோடிருக்கிறார் என்று அவர் கூறினார். அது பொய்யன்று. ஆனால் முகம் உடைந்து கிடக்கும் ஹானீ, தம் மக்களுக்குச் சொல்லி அனுப்பிய செய்தியை அவர் சொல்லவில்லை. ஆளுநரின் காவலன் தம்மோடு அனுப்பப்பட்டிருந்ததால் சொல்ல முடியாமல் போயிற்று என்று பின்னாளில் அவரே வருந்திக் கூறியதாக அறிவிப்பு உண்டு. கூட்டத்தார் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்து சென்றனர். மதிப்புக்குரிய ஒருவர் சொன்ன பாதி உண்மை, ஒரு படையால் செய்ய முடியாததைச் செய்துவிட்டது.

ஒரே பகலில் கரைந்த கூட்டம்

செய்தியறிந்த முஸ்லிம் இப்னு அகீல் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. ஹிஜ்ரி 60, துல்ஹஜ் மாதம் எட்டாம் நாள் (680 செப்டம்பர்) சுமார் 4,000 பேருடன் புறப்பட்டு மாளிகையை முற்றுகையிட்டார். பள்ளிவாசலும் கடைவீதியும் மக்களால் நிரம்பின. அந்த நேரத்தில் உள்ளே ஆளுநரோடு இருந்தவர்கள் 30 காவலர்களும், ஊர்ப் பிரமுகர்கள் 20 பேரும், அவருடைய குடும்பத்தாரும் மட்டுமே. வெளியே ஆயிரங்கள், உள்ளே ஐம்பது. அடக்குமுறை ஆட்சி ஒன்றின் உண்மையான உடல்வலிமை எவ்வளவு என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் காட்சி வரலாற்றில் அரிது.

அந்த ஐம்பதில் இருபது பேர்தாம் அன்று ஆளுநரைக் காப்பாற்றினர். அவர்கள் குலத் தலைவர்கள். அவர்களுள் சிலர் வெளியே அனுப்பப்பட்டனர். மற்றவர்கள் மாளிகையின் மேலிருந்து தத்தம் குலத்தாரைப் பார்த்துப் பேசினர். வீட்டுக்குச் செல்லுங்கள், ஷாமின் படை வந்துகொண்டிருக்கிறது, உங்கள் பிள்ளைகளின் உதவித்தொகை அறுபடும், குற்றமற்றவரும் குற்றவாளிக்காகப் பிடிபடுவார், ஊரில் இருப்பவர் இல்லாதவருக்காகத் தண்டிக்கப்படுவார் என்றெல்லாம் எச்சரித்தனர்.

அதன்பின் நடந்ததை அபூ மிஹ்னஃபின் அறிவிப்பு ஓரிரு வரிகளில் சொல்கிறது. பெண்கள் வந்தார்கள். மகனிடமும் சகோதரனிடமும், ‘நீ வா, மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்றார்கள். ஆண்கள் வந்து தம் மகனையும் தம்பியையும், ‘நாளை ஷாம்வாசிகள் வந்துவிட்டால் நீ என்ன செய்வாய், திரும்பிவிடு’ என்று அழைத்துச் சென்றார்கள். ஒவ்வொருவராகக் கலைந்தனர். மஃக்ரிப் தொழுகையின்போது பள்ளியில் முஸ்லிமோடு நின்றவர்கள் 30 பேர். தொழுது முடித்துக் கிந்தா குலத்தார் பகுதியின் வாயிலை நோக்கி நடந்தபோது 10 பேர். வாயிலைக் கடந்து திரும்பிப் பார்த்தபோது, வழிகாட்டுவதற்குக்கூட ஒருவருமில்லை.

அன்று அந்தத் தாய்மார்களின் நாவிலிருந்து வந்தது அரசின் ஆணையா? இல்லை. இப்னு ஸியாதை அவர்கள் நேசித்தார்களா? அதுவும் இல்லை. தம் பிள்ளை உயிரோடு வீடு வந்து சேர வேண்டும் என்ற, எந்தத் தாய்க்கும் உள்ள ஆசைதான் அது. அவ்வாசையை நாம் குறைகூற இயலாது. நம் வீட்டு உம்மாவும் அதையேதான் சொல்லியிருப்பார். ஆனால் நான்காயிரம் வீடுகளில் ஒரே நேரத்தில் ‘மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று சொல்லப்படும்போது, பார்த்துக்கொள்ள மற்றவர் எவரும் மிஞ்சுவதில்லை. வந்துகொண்டிருப்பதாகச் சொல்லப்பட்ட ஷாமின் படை அன்று வரவுமில்லை. மறுமாதம் கர்பலா களத்தில் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு எதிராக நின்றது, இதே கூஃபாவில் திரட்டப்பட்ட படைதான். வீட்டிலிருந்து தப்புவிக்கப்பட்ட பிள்ளைகள் அந்தப் படையில்தான் போய் நிற்க நேர்ந்தது.

ஒரே வீட்டில் தாயும் மகனும்

இருட்டில் தெருத்தெருவாக அலைந்த முஸ்லிம், ஒரு வீட்டு வாசலில் தவ்ஆ என்னும் பெண்மணி நிற்பதைக் கண்டு தண்ணீர் கேட்டார். வெளியே சென்ற மகனை எதிர்பார்த்து அவர் நின்றிருந்தார். தண்ணீர் கொடுத்தார். குடித்த பின்னும் அம்மனிதர் எழுந்து செல்லாததைக் கண்டு, உம் குடும்பத்தாரிடம் செல்லும் என்றார். இவ்வூரில் தமக்கு வீடோ உறவோ இல்லை என்று கூறி, தாம் யார் என்பதை முஸ்லிம் வெளிப்படுத்தினார். தவ்ஆ கதவைத் திறந்தார்.

தவ்ஆவுக்குக் குலபலம் கிடையாது. அவர் முன்பு அஷ்அஸ் இப்னு கைஸின் அடிமைப்பெண்ணாக இருந்து விடுதலை பெற்றவர். பெரிய தலைவர்கள் தங்கள் கதவுகளை அடைத்துக்கொண்ட இரவில் இவருடைய கதவு திறந்தது.

மகன் பிலால் வீடு திரும்பினான். தாய் ஓர் அறைக்குள் அடிக்கடி சென்றுவருவதைக் கண்டு துருவிக் கேட்டான். எவரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு தாய் சொல்லிவிட்டார். இரவெல்லாம் அவன் வாய் திறக்கவில்லை. விடிந்ததும் அஷ்அஸின் பேரன் அப்துர் ரஹ்மானிடம் சென்று சொல்லிவிட்டான். அவர் மாளிகைக்குச் சென்று தம் தந்தை முஹம்மத் இப்னு அஷ்அஸின் காதில் சொன்னார். செய்தி சென்ற வழியை எண்ணிப் பாருங்கள்: தாயிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து தாயின் பழைய எசமானர் குடும்பத்துக்கு, மகனிடமிருந்து தந்தைக்கு, தந்தையிடமிருந்து ஆளுநருக்கு. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு குடும்ப உறவு. முஸ்லிமைப் பிடித்துத் தருவோருக்குப் பரிசும், அடைக்கலம் தந்தவருக்குத் தண்டனையும் ஏற்கெனவே அறிவிக்கப்பட்டிருந்தன. அந்த இளைஞன் பேராசையால் சொன்னானா, தாய்க்கு என்ன நேருமோ என்ற அச்சத்தால் சொன்னானா என்பதை அல்லாஹ்வே அறிவான்.

முஸ்லிம் இப்னு அகீல் மாளிகையின் உச்சியில் கொல்லப்பட்டார். ஹானீயைக் கடைவீதிக்கு இழுத்துச் சென்றபோது, மத்ஹிஜ் குலத்தார் எங்கே என்று அவர் குரல் கொடுத்துக்கொண்டே சென்றார். எவரும் வரவில்லை.

வேறொரு காலம், வேறொரு நாடு

இது கூஃபாவுக்கு மட்டும் உரிய குணமன்று. இருபதாம் நூற்றாண்டின் கிழக்கு ஜெர்மனியைப் பாருங்கள். சுமார் 1 கோடியே 60 லட்சம் மக்கள் வாழ்ந்த அந்நாட்டில், ‘ஸ்டாஸி’ என்னும் உளவு அமைப்பு 1989இல் ஏறத்தாழ 91,000 முழுநேர ஊழியர்களை வைத்திருந்தது. அவர்களைவிட அதிகமாக, 1,70,000க்கும் மேற்பட்டோர் வெளியே தெரியாமல் தகவல் தந்துவந்தனர். அவர்கள் உடன் வேலை செய்பவர்கள், அண்டைவீட்டார், நண்பர்கள். குடியிருப்புக் கட்டடங்களில் ‘வீட்டுப் புத்தகம்’ ஒன்றும் இருந்தது. யார் குடியிருக்கிறார், யார் விருந்தாளியாக வந்து தங்கினார் என்பதை அக்கட்டடத்தில் வாழும் ஒருவரே அதில் பதிவு செய்துவைப்பார். கூஃபாவின் அரீஃப் நம் நினைவுக்கு வருகிறார் அல்லவா?

ஆட்சி வீழ்ந்த பின், 1992 முதல் மக்கள் தங்களைப் பற்றிய கோப்புகளைப் படிக்க அனுமதிக்கப்பட்டனர். ஆட்சியை எதிர்த்துப் போராடி, பின்னர் நாடாளுமன்ற உறுப்பினரான வேரா வோலன்பெர்கர் என்பவர், தம்மைப் பற்றித் தகவல் தந்துவந்தவர் தம் கணவரே என்பதை அறிந்தார். தம் பிள்ளைகளின் தந்தை வீட்டு மேசையில் கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுத்திருந்தார். சுவர் இடிந்து விழுந்த பின்னரும் பல குடும்பங்களில் அந்த விரிசல் ஆறவில்லை.

உறவு தளையாகவும் துணையாகவும்

அப்படியானால் உறவுகளை வெறுத்து ஒதுக்க வேண்டுமா? இல்லை. இரத்த உறவைப் பேணுவதை ஈமானோடு இணைத்துச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அதே மார்க்கம், உங்களுக்கே எதிராக இருப்பினும், பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருப்பினும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்று ஸூரா அந்நிஸாவில் கட்டளையிடுகிறது. பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதை ஸூரா அல்ஹுஜுராத் தடுக்கிறது. இரண்டையும் சேர்த்தே நாம் கற்க வேண்டும்.

அதே கூஃபாவின் வரலாற்றில் இதற்கும் சான்றுகள் உள்ளன. ஹஜ்ஜை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஸுஹைர் இப்னு கைன், வழியில் ஹுஸைன் (ரலி) அவர்களைச் சந்திப்பதைத் தவிர்த்துக்கொண்டே வந்தார். அவர்களிடமிருந்து அழைப்பு வந்தபோது உணவுத்தட்டின் முன் அனைவரும் திகைத்து அமர்ந்திருந்தனர். அவருடைய மனைவி தல்ஹம்தான், இறைத்தூதரின் பேரர் அழைத்தும் செல்லமாட்டீர்களா, சென்று அவர் சொல்வதைக் கேட்டுவிட்டாவது வாருங்கள் என்று தூண்டினார். சென்றவர் முகமலர்ச்சியோடு திரும்பி வந்து, கர்பலாவில் உயிர் கொடுத்தார். மாறாக, கூஃபாவை நிறுவிய ஸஅத் (ரலி) அவர்களின் மகன் உமர், ரய் நகரத்தின் ஆளுநர் பதவிக்காகப் படைத்தலைமையை ஏற்கத் தயங்கி நின்றபோது, அவருடைய சகோதரியின் மகன் ஹம்ஸா, உலகமே கையைவிட்டுப் போனாலும் இந்தப் பழியைச் சுமக்காதீர்கள் மாமா என்ற பொருளில் மன்றாடினார். மாமா கேட்கவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல அந்த வீட்டில் ஒருவர் இருந்தார்.

ஒரு மனைவி வாசலில் நின்று கணவரை நன்மையை நோக்கி அனுப்பினார். வேறு ஆயிரம் வீடுகளின் பெண்கள் வாசலில் நின்று திரும்ப அழைத்தனர். இரண்டுமே அன்புதான்.

கூஃபாவாசிகளும் பின்னர் மனம் வருந்தினர். நபித்தோழர் சுலைமான் இப்னு ஸுரத் (ரலி) அவர்களின் தலைமையில் ‘தவ்வாபூன்’ என்னும் பெயரோடு ஹிஜ்ரி 65இல் பழிதுடைக்கப் புறப்பட்டனர். பெயர் பதிந்தோர் 16,000 பேர். குறித்த நாளில் வந்து சேர்ந்தோர் சுமார் 4,000 பேர். ஐனுல் வர்தாவில் அவர்களுள் பெரும்பாலோர் உயிர் நீத்தனர். இரண்டாம் முறையும் மீதமுள்ளோரை வீட்டில் நிறுத்திவைத்தது எதுவென்று நாம் ஊகிக்கலாம்.

ஆகவே முஹர்ரம் மேடைகளில் கூஃபாவாசிகளைத் துரோகிகள் என்று சொல்லிக் கடந்துவிடுவது நமக்கு எளிது, பயன் குறைவு. நமக்கு முன்னால் ஓர் அநீதி நடக்கும்போது, அது ஊர் நிர்வாகத்தில் நடந்தாலும், வேலை செய்யும் இடத்தில் நடந்தாலும், குடும்பத்துக்குள் நடந்தாலும், ‘நமக்கெதற்கு வம்பு’ என்று நம் பிள்ளைகளிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? அக்கறையோடு நாம் சொல்லும் அந்தச் சொல்தான் கூஃபாவின் கடைவீதியில் அன்று ஒலித்த சொல். நம் பிள்ளைகளை ஆபத்தில் தள்ள வேண்டும் என்று நாம் கூறவில்லை. அவர்கள் உண்மை பேசிவிட்டு வீடு திரும்பும்போது, திட்டி அடக்காமல் கதவைத் திறந்து தண்ணீர் கொடுக்கும் வீடாக நம் வீடு இருக்கட்டும் என்றே கூறுகிறோம்.

தவ்ஆவின் துணிவை நம் இல்லங்களுக்கு அல்லாஹ் அருள்வானாக.